வலப்பக்கம் திரும்பிய கர்னல்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால், எழுத்தில் கொடுங்கள், இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறவன் நான். புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்? ஆகையால் நீங்கள் நம்பாவிட்டால் கோபமில்லை. உங்கள் இடத்தில் நானும் நம்பமாட்டேன்.

தோட்ட மனேஜரான துரையின் பங்களாச் சாப்பாட்டறையில் வெள்ளைக்கார இராணுவ அதிகாரி ஒருவரின் பழைய அச்சுப்படம் தொங்கும். ஆள் யாரென்று எவருக்கும் தெரியாது, கர்னல் என்போம். வருடத்துக்கு ஒருமுறை பங்களாச் சாமான்களை இடாப்போடு, அதாவது பதிவேட்டோடு, ஒப்பிடுவது என் வேலை. 'கர்னல் படம், ஒன்று. முகம் இடப்பக்கம். கண்ணாடி மேல்மூலையில் வெடிப்பு.' இதை முப்பத்தொரு முறை எழுதி, ஒவ்வொரு முறையும் படத்தின் பின்னட்டையில் சுருக்கக் கையொப்பமும் வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்று நிம்மதியாக இருந்தவனுக்குப் புதிய துரை ஃபோன் எடுத்தார்.

"மாத்தயா, உடனே வாங்க. அப்பு படத்தை மாத்திட்டான்."

மாத்தயா என்றால் ஐயா, அதாவது நான். அப்பு என்றால் பங்களாச் சமையல்காரர் மாரிமுத்து. அடுத்த கிழமை அவருக்கும் ஓய்வு. போய்ப் பார்த்தால், காலை பத்து மணி வெயிலில், கர்னல் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடாப்பில் இடப்பக்கம் என்றிருக்கிறது, அப்பு அசலை விற்றுவிட்டு நகலை மாட்டியிருக்கிறார், பொலிசுக்குப் போகிறேன் என்று துரை குதிக்கிறார்.

"இந்த பங்களாவுல இருந்து ஒரு கரண்டி வெளிய போனதில்லீங்க ஐயா. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார் அப்பு.

"தெரியும். அழாம ஏணியப் புடிங்க."

படத்தை இறக்கினேன். வெடிப்பு அதே மூலையில். பின்னட்டையில் என் கையொப்பங்கள் முப்பத்தொன்றும் இருந்தன. ஆணிகள் துருவேறிக் கிடந்தன, சட்டத்தைப் பிரித்த தடமே இல்லை. பதக்கம், வாள் எல்லாம் பழைய இடத்தில். முகம் மட்டும் திரும்பியிருந்தது.

"எப்ப இருந்து இப்பிடி?"

"போன பௌர்ணமி போயாவுக்கு தூசி தட்டுறப்ப பார்த்தேங்க. சொன்னா யாரு நம்புவா?"

இடாப்பில் 'காணவில்லை', 'உடைந்தது', 'மேலதிகம்' என்று மூன்று பத்திகள் உண்டு. 'திரும்பிக்கொண்டது' என்று ஒன்று இல்லை. படம் சரியென்றால் இடாப்பு பிழை. இடாப்பு சரியென்றால் அப்பு திருடன். வேறு வழியில்லை. 'முகத்தின் திசையை முப்பத்தொரு முறையும் நானே தவறாகப் பதிந்துவிட்டேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். சேவைக்காலத்திலும் அதற்குப் பிறகும் நான் எழுதிய ஒரே பொய் அதுதான்.

"கிளாக்கர் மாத்தயாவுக்கும் பிழை வருமா?" என்று துரை சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆதாரத்துக்குப் படத்தை என் ஃபோனில் எடுத்து அவருக்கும் அனுப்பிவைத்தேன். அப்பு நல்ல சான்றிதழோடு தெஹியோவிட்டவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒரு மாதம் கழித்துத் துரை மறுபடியும் ஃபோன் எடுத்தார். இந்த முறை குதிக்கவில்லை, மெதுவாகப் பேசினார்.

"மாத்தயா... இப்ப இடப்பக்கம் பாக்கிறாரு. அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் எழுதித் தாறீங்களா?"

தரலாம். அதற்கும் முறை இருக்கிறது. அன்று எடுத்த படத்தை இணைக்க வேண்டுமே என்று ஃபோனைத் திறந்தேன்.

திருத்தத்தை இன்றுவரை எழுதவில்லை. ஃபோனில் கர்னல் இடப்பக்கமும் பார்க்கவில்லை, வலப்பக்கமும் பார்க்கவில்லை. நேரே பார்க்கிறார், படமெடுத்தவன் நின்ற இடத்தை.