மூன்று அங்குலம் இறங்கிய அடுப்படி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்தக் கொத்தனார் முதலில் சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைப்பார். அது உருளும் திசையைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர் முகத்தையே பார்ப்பார். அதனால் ஊருக்கு அவர் 'கோலி'. சாய்ந்த தரை, இறங்கிய சுவர், சாத்த முடியாத கதவு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"வீட்டைக் காலி பண்ணுங்க. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பாக்காம நான் கரண்டியத் தொட மாட்டேன்" என்பார். யார் கெஞ்சினாலும் அதே பேச்சுதான். இருபத்தாறு வருடம் அப்படியே ஓடியது.

அக்கா வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

அக்காவின் கணவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கரம் வைத்த வாக்கரோடு அப்போதுதான் வந்திருந்தார். கூடத்திலிருந்து குளியலறைக்கு அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும். குளியலறைக் கதவை ஒட்டிய அடுப்படி மூலையோ மூன்று அங்குலம் இறங்கிக் கிடந்தது. வாக்கரைப் பிடித்தால் அது அவரையும் இழுத்துக்கொண்டு மூலைக்கு ஓடியது.

"மாப்ளே, என் வண்டிக்கு பிரேக் இல்லடா" என்று மாமா நாக்குக் குழறச் சிரித்தார்.

"ஆமா, இதுல ஒரு ஹாரன்தான் கொறச்சல்" என்ற அக்கா, தம்பியிடம் திரும்பினாள். "ஒரு வாரத்துல தரைய நேராக்கிக் குடுடா. காலி பண்ணு, கீலி பண்ணுன்னு ஆரம்பிக்காத. இவர இந்த நெலமையில எங்க தூக்கிட்டுப் போவேன்?"

கோலி வெளியே போய் மூலைச் சுவரோரம் கடப்பாரையை ஊன்றினார். ஓங்கிக் குத்தவே வேண்டியிருக்கவில்லை. தன் எடையிலேயே ஒரு முழம் உள்ளே போனது. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற குழாய் எத்தனை காலமாக உடைந்திருந்ததோ, அடியில் மண் கூழாகியிருந்தது. கடப்பாரையை உருவிக் குழியைக் காலால் மூடினார். குழாயை மாற்றினார். பிறகு, வேறு எந்த வீட்டிலும் செய்யாத காரியத்தைச் செய்தார். தாழ்ந்த மூலையில் மூன்று அங்குலக் கான்கிரீட்டைக் கொட்டி நிரவி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். ரசமட்டத்தை வைத்தபோது குமிழ் நட்டநடுவில் நின்றது.

மாமா யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய்வந்தார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கத்தான் கோலி இதைச் செய்தாரா, இல்லை அவளிடம் முடியாது என்று சொல்லப் பயந்து செய்தாரா? அவருக்கே விளங்கவில்லை. கூழ் மண்ணின் தலையில் அவ்வளவு பாரத்தை ஏற்றியது மட்டும் தெரியும்.

இரண்டாம் மாதம் குளியலறைக் கதவுக்கு மேல் மயிரிழை போல ஒரு விரிசல். அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும், உடையாதவரை பயமில்லை. அக்கா தினமும் காலையில் போன் செய்தாள். "அப்படியே இருக்குடா." பதினோராம் நாள் போன் வரவில்லை. கோலியே நேரில் போனார்.

கண்ணாடி இரண்டாகியிருந்தது. குளியலறைக் கதவு நிலைச்சட்டத்தில் இறுகித் திறக்க மறுத்தது.

"இந்தத் தடவை என்னத்தக் கொட்டப் போற?" என்றாள் அக்கா.

"கொட்டினதையே ஒடச்சு எடுக்கணும்க்கா. வீட்டைக் காலி பண்ணித்தான் ஆகணும்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"மத்தவங்களா இருந்தா சொல்லியிருப்பேன்."

"அப்ப நான் மத்தவளாவே இருந்திருக்கலாம்டா."

கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "சண்டைய அப்புறம் வச்சுக்குங்க. மாப்ளே, அந்தக் கதவ மட்டும் தெறந்து விடுடா. அவசரம்."

கோலி கதவில் தோளை வைத்து அழுத்தினார். மேலே விரிசலிலிருந்து பூச்சு உதிர்ந்து கழுத்தில் விழுந்தது. இன்னொரு முறை அழுத்தினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை பெயர்ந்து விழுந்தது. அழுத்துவதை நிறுத்தினார். எடுத்தால் சுவரே சரிந்துவிடுமோ என்று தோளை எடுக்கவும் துணிவில்லை.

"தெறந்துச்சா?" என்று மாமா கேட்டார்.

"இருங்க மாமா" என்றார் கோலி. மாமாவால் இருக்க முடியவில்லை. வாக்கர் சக்கரம் அடுப்படிப் பக்கம் நகரத் தொடங்கியது.