கோர்ஜர் மருமகள்

மிசெல்லி இங்கிலாந்தின் கென்ட் பக்கத்து ஆப்பிள் தோட்டம் ஒன்றின் வேலியோரம், குதிரை இழுக்கும் வண்டிவீட்டுக்குள் பிறந்தவள். எந்தத் தோட்டம் என்று அவளைப் பெற்றவளுக்கே நிச்சயமில்லை. செர்ரி, பீருக்குப் போகும் ஹாப் பூ, ஆப்பிள் என்று அறுவடைகளின் பின்னாலேயே போய் வளர்ந்தாள். ஜிப்ஸிகள் என்று ஊரார் சொல்லும் தங்கள் ரோமானி கூட்டத்திலேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பின் சில குளிர்காலங்களிலேயே அவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தாள். மிஞ்சியது மகன் ரைலி ஒருவன்தான். யுத்தம் முடிந்து ஆண்கள் ஊர் திரும்பிய சமயத்தில் அவன் மெய்ட்ஸ்டன் நகரத்திலிருந்து மேவிஸ் என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

ரோமானி அல்லாத எவரும் அவர்களுக்குக் கோர்ஜர். அது வசவு இல்லை. ஒரு வேலி, அவ்வளவுதான். ஆனால் நகரத்துக்காரர்களின் ஆங்கிலத்தில் அதே சத்தத்துக்குப் பெருந்தீனிக்காரர் என்று அதிகம் புழங்காத ஓர் அர்த்தம் உண்டு. பிள்ளைகள் “கோர்ஜர், கோர்ஜர்” என்று பின்னாலேயே ஓடியதும், தான் அதிகம் தின்பதாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மேவிஸ் பல நாள் பாதித் தட்டோடு எழுந்து போனாள். விஷயம் தெரிந்தபோது ரைலிக்குச் சிரிப்பு தாளவில்லை.

“அடியே, உன் வயித்த யாரு பார்த்தா? நீ வெளியாளுன்னு சொல்லுதுக. அம்புட்டுதான். உக்காந்து தின்னு.”

மிசெல்லியின் நாத்தனார் கெசையாவுக்கு அது சிரிப்பாக இல்லை. “மூஞ்சி கழுவுற சட்டியிலயே கோப்பையையும் கழுவுறா, தீட்டு. அண்ணி, அவ கையால ஒரு மடக்கு டீ குடிச்சிருவியா நீ?”

“உன்னையக் குடிக்கச் சொன்னேனா? வாய மூடிக்கிட்டு விக்கிறதுக்குத் துணிக் கிளிப்பைச் சீவு.”

சொன்னாளே தவிர, மிசெல்லியும் குடிக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில், லாரியில் மரம் ஏற்றும்போது கட்டை உருண்டு ரைலி அதன் அடியில் சிக்கிச் செத்துப்போனான். அவனைக் கொண்டுவந்து வண்டிவீட்டில் கிடத்தினார்கள். அடக்கம் முடியும்வரை அங்கே யாரும் சமைப்பதில்லை. டீயும் காய்ந்த ரொட்டியும்தான். ஆண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் வேலிக்குப் பின்னாலிருந்து பன்றிக்கொழுப்பு பொரியும் வாசனை வந்தது. கெசையாதான் முதலில் போய்ப் பார்த்தாள். சுள்ளி நெருப்பின் முன் குந்தி, சூடு ஆறுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள் மேவிஸ்.

“புருசன் இன்னும் மண்ணுக்குள்ள போகல, இவளுக்குக் கறி கேக்குது! பிள்ளைங்க சரியாத்தான் பேரு வச்சிருக்குதுக!”

ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உதட்டில் எண்ணெய் மினுங்க மேவிஸ் மாமியாரை மட்டுமே பார்த்தாள்.

மிசெல்லிக்குத் தெரியும். மேவிஸ் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததைப் பல காலைகள் பார்த்திருக்கிறாள். கொழுப்பைக் கேட்டது அவள் வயிறு அல்ல, உள்ளே இருந்த பிள்ளை. அந்தப் பிள்ளை இங்கேயே வளர வேண்டும் என்பதைத் தவிர மிசெல்லிக்கு இனி ஆசை எதுவும் மிச்சமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கெசையா அடங்கியிருப்பாள். ஆனால் ஆண்கள் காதுபட ஒரு பெண் வயிற்றைப் பற்றிப் பேசுவது அவர்களிடம் அசிங்கத்திலும் அசிங்கம். அடக்கம் முடியட்டும், பெண்களிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மிசெல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

அடக்கம் முடிந்ததும் வழக்கப்படி வண்டிவீட்டைக் கொளுத்தினார்கள். மேவிஸ் அவனுடைய கோட்டை மட்டும் கேட்டாள். அதையும் நெருப்பில்தான் போட்டார்கள். அவன் தின்ற தட்டுகளை மிசெல்லி ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டை உடைத்துவிட்டு நிமிர்ந்தபோது மேவிஸைக் காணவில்லை.

“பஸ்ஸு ஏறிட்டா. விடு அண்ணி, தொலையட்டும்” என்றாள் கெசையா.

மிசெல்லிக்கு எழுத்து தெரியாது. மெய்ட்ஸ்டனில் எந்தத் தெரு என்றும் தெரியாது. மரக் கிளிப் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கதவு தட்டினாள். பல பேர் முகத்துக்கு நேராகச் சாத்தினார்கள். இரண்டு கோடை போன பிறகு ஒரு கதவை மேவிஸ் திறந்தாள்.

“அத்தை!”

“கிளிப்பு வேணுமா?” மிசெல்லி கூடையை நீட்டினாள்.

வாசல் தோட்டத்தில் ஒரு பையன் முதுகைக் காட்டி உட்கார்ந்து சரளைக்கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பிடரியை மிசெல்லிக்கு அடையாளம் தெரிந்தது.

“உங்க பேரன்தான். கூப்பிடுங்க, ஓடி வருவான்.”

“பேரு என்ன வச்ச?”

“வேற என்ன வைப்பேன் அத்தை? ரைலிதான்.” மேவிஸின் கண் கலங்கியிருந்தது. அவன் நினைவாகத் தன்னால் வைத்துக்கொள்ள முடிந்தது இது ஒன்றுதான் என்ற பெருமையும் அதில் இருந்தது.

செத்துப்போனவரின் பெயரை ரோமானிகள் யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் அவருக்கு அங்கே நிம்மதி கிடையாது. வண்டிவீடு எரிந்தபோது அந்தப் பெயரும் அதோடு போய்விட்டது. அன்றிலிருந்து ‘என் பையன்’ என்பதற்கு மேல் மிசெல்லி ஒரு சொல் சொன்னதில்லை. இதை மேவிஸுக்கு யாரும் சொல்லவில்லை. மிசெல்லியும்தான் சொல்லவில்லை.

“ராசா... இங்க பாரு ராசா.”

பையன் கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“பேரச் சொல்லுங்க அத்தை. பேரச் சொன்னாத்தான் திரும்புவான்.”

மிசெல்லி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஒரு கட்டுக் கிளிப்பை வாசற்படியில் வைத்துவிட்டு, “அப்புறமா வாரேன் தாயி” என்று கிளம்பினாள்.

வந்தாள். அந்தப் பக்கம் அறுவடைக்கு வரும்போதெல்லாம் வந்தாள். பையன் தானாகத் திரும்பிப் பார்க்கும்வரை வேலிக்கு வெளியிலேயே நிற்பாள். சில நாள் அவன் திரும்பவே மாட்டான்.