மலை வரும்

எனக்கு ழகரம் வராது. வாழைப்பழம் என்று ஒழுங்காக எழுதுவேன். வாயைத் திறந்தால் வாளைப்பளம்தான் வரும். திண்டுக்கல்லில் பாதிப்பேர் இப்படித்தான், யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. ஆனால் எனக்கு வாய்த்த மனைவி தமிழாசிரியை. பெண் பார்க்கப் போன அன்று தட்டை நீட்டியவளிடம், "பளம் மட்டும் போதுங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "பழம்" என்று ஒருமுறை திருத்திச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று ஆரம்பித்த பாடம் இன்னும் முடியவில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு முதன்முதலாக இன்டர்நெட் இழுத்தோம். வயரோடு வந்த ஆள், பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று கேட்டார். அந்த வருடமும் மழை ஏமாற்றியிருந்தது. சாணார்பட்டியில் என் விதைக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது: "மழைவரும்னு வைக்கச் சொல்லுங்க. நம்பிக்கையா இருக்கட்டும்."

அதை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகச் சொன்னது நான். இசட், ஹெச் என்று வரவேண்டிய இடத்தில், என் வாய்க்கு வந்தபடி ஒரே ஒரு எல் சொல்லிவிட்டேன். அவர் கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டுக்கு வரப்போவது மழை இல்லை, மலை.

அப்போதே சொல்லியிருக்கலாம். தைரியம் இல்லை. அவள் போனில் நானே போட்டுக் கொடுத்தேன். அதன்பின் வீட்டுக்கு யார் வந்து பாஸ்வேர்டு கேட்டாலும், "போனைக் குடுங்க, நானே போட்டுத் தாரேன்" என்று கையிலிருந்து வாங்கிவிடுவேன். சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு நன்றாக உபசரிக்கிற மனுஷன் என்று பெயர் வந்ததே இப்படித்தான்.

போன மாதம் மாடிவரை சிக்னல் போகவில்லை என்று மெஷ் வைத்தோம். மூன்று வெள்ளைப் பெட்டிகள். ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரே வலையாக வீடு முழுக்கச் சிக்னல் தரும். மாட்ட வந்த டெக்னீஷியன் வைஃபைக்குப் புதுப் பெயர், புது பாஸ்வேர்டு வைத்தார். நான் கடையில் இருந்ததால் அதற்கான ஆப்பை அவள் போனிலேயே போட்டுக் கொடுத்துவிட்டு, பழைய பெட்டியையும் எடுத்துப் போய்விட்டார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்று ராத்திரியே அவள் போனிலிருந்தும் பழையதை அழித்தேன். என் எல்லும் அதோடு ஒழிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் முதல் பீரியடில் அவள் வகுப்பில் தேர்வு, நாற்பது கேள்வித்தாள் வேண்டும். அவள் பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் நீலவிளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது, பேப்பர் வரவில்லை. அது இன்டர்நெட் வந்த அதே வாரம் வாங்கியது. திரை கிடையாது, எழுத்து அடிக்க வழி கிடையாது. இதில் ஒரு பட்டன், பெட்டியில் ஒரு பட்டன், இரண்டையும் சேர்த்து அமுக்கினால் இணையும். புதுப் பெட்டியில் அந்தப் பட்டனே இல்லை.

டெக்னீஷியனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஒரு வழி இருக்கு மேடம். பழைய பேரு, பழைய பாஸ்வேர்டையே புதுசுக்கும் வச்சிருங்க. பழைய பெட்டிதான்னு நெனச்சுப் பிரிண்டர் தானா வந்து ஒட்டிக்கிரும். ஆனா ஒரு எழுத்து மாறக்கூடாது. பிரிண்டருக்குப் பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், அதுல மட்டும் குத்திராதீங்க. எல்லாத்தையும் மறந்துரும், அப்புறம் அதோட வந்த சிடியைப் போட்டுத்தான் எழுப்பணும்."

"அம்புட்டுதானே" என்றாள் அவள். "மழைவரும்."

நான் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

ஆப்பில் அடித்தாள். மூன்று பெட்டிகளும் அணைந்து, ஐந்து நிமிடம் கழித்து உயிர் பெற்றன. பிரிண்டர் சிமிட்டியது. முதல் எழுத்தைப் பெரிதாக்கினாள். சிமிட்டியது. ஏ ஒன்று கூட்டினாள், இடையில் இடைவெளி விட்டாள், ழகரத்தை அவளுக்குத் தெரிந்த அத்தனை விதத்திலும் எழுதிப் பார்த்தாள். எல் மட்டும் அவள் மனதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு ழ சொல்லிக் கொடுத்தவளுக்கு அது எப்படித் தோன்றும்?

"போனை எங்கிட்டக் குடு, நான் போட்டுப் பாக்குறேன்" என்றேன், ஒன்றும் அறியாதவன் போல.

"நீங்க ழ போட்டா விளங்கிரும். பேசாம உக்காருங்க."

"வேணும்னா பேகம்பூர்ல ஜெராக்ஸ் கடை தொறந்திருக்கும்."

"அந்தக் கடைக்காரர் மக என் வகுப்புலதான் படிக்குது. கேள்வித்தாளை அவர் கையிலயே குடுக்கவா?"

மணி நாலானது. அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, தாலிச்சரடில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு பிரிண்டரைத் திருப்பினாள். "அதுவே மறந்துட்டுப் புதுசா ஆரம்பிக்கட்டும், சிடி எங்கயாச்சும் கெடக்கும்" என்று அந்தச் சின்ன ஓட்டையைத் தேடினாள்.

உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். எங்கள் வீட்டில் அந்த எல்லுக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தப் பிரிண்டர்தான். ஊக்கு உள்ளே போனால் அதுவும் மறந்துவிடும். நான் தப்பித்தேன். சிடி என்றைக்கோ தொலைந்துவிட்டது, அவள் நாற்பது தாளையும் கையால் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "தப்பு பிரிண்டர்ல இல்லங்க. நான்தான் வேற எதையோ வச்சுட்டு மறந்திருக்கேன். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு."

அவளுடைய அம்மா கடைசி நாலு வருடம் மகளையே யாரென்று கேட்டவர். இத்தனை வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"குத்தாத" என்றேன். "இசட், ஹெச் கெடையாது. எல்."

"என்னது?"

"அன்னைக்கு நான்தான் தப்பாச் சொன்னேன். மலைவரும்னு இருக்கு. எல்லாமே சின்ன எழுத்து."

அவள் ஊக்கோடு என் பக்கம் திரும்பினாள். "பத்து வருஷமாவா?"

"ஆமா."

"வர்றவங்க போனையெல்லாம் நீங்க ஆசையா வாங்கி வாங்கிப் போட்டுக் குடுத்தது…"

"அதுக்குத்தான்."

"அப்ப எனக்கு மறதி இல்ல."

"இல்ல."

ஊக்கைத் திரும்பச் சரடில் மாட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல் போட்டு அடித்தாள். ஐந்து நிமிடம் கழித்து நீலவிளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. பிரிண்டர் ஒரு முனகு முனகி முதல் தாளைத் தள்ளியது. நாற்பதும் வரும்வரை அவள் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசித் தாளைத் தட்டி அடுக்கியபோதுதான் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் மலைக்கோட்டை தெரியும். "அதான் கண்ணு முன்னாடியே நிக்கிதே, இன்னும் எங்க வரணும்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

சரியாக மாற்றிவிடலாம் என்று பார்த்தோம். மாற்றினால் பிரிண்டர் திரும்பவும் வீம்பு பிடிக்கும். அதனால் தமிழாசிரியை வீட்டில் அந்த எல் அப்படியே இருக்கிறது.

போன வாரம் அவளோடு வேலை பார்க்கும் இன்னொரு தமிழாசிரியை வீட்டுக்கு வந்திருந்தார். காபியைக் குடித்துக்கொண்டே, "உங்க வைஃபை பாஸ்வேர்டு என்ன டீச்சர்?" என்று கேட்டார். வழக்கம்போல நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அவள் கை நீண்டுவிட்டது.

"போனைக் குடுங்க டீச்சர், நானே போட்டுத் தாரேன்."