ரிவர்ஸ் கியர் மட்டும் பழசு

நேற்றுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக மருமகள் போனிலேயே ஒரு காருக்குச் சொல்லிவிட்டாள். நானும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், உட்கார்ந்திருக்கிறேன், கார் வந்தபாடில்லை. கடைசியில் டிரைவர் தம்பியே வந்து கதவைத் தட்டினார்.

"பத்து நிமிசமா இங்கனதான் நிக்கேன் பாட்டி. காதுல விளலையா?"

என் காதைக் குறை சொல்கிறார் பாருங்கள். எண்பதைத் தாண்டின இந்த வயசிலும் அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணிச் சொல்லுகிற காது இது. குற்றம் காரின் மேல். அது மின்சாரக் கார், வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. சத்தமில்லாமல் வருகிற காரைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். பேச்சு நடுவில் வேறு பக்கம் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்துவிடுவேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, அறுபதுகளின் தொடக்கம். நர்ஸ் படிப்பை முடித்த கையோடு சிவகாசியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். பன்னிரண்டு கட்டில், ஒரே ஒரு டாக்டர். அவர் பாளையங்கோட்டைக்காரர், ஊருக்கெல்லாம் டாக்டரம்மா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொம்பளை கார் ஓட்டுவதைப் பார்க்கக் கடையைப் போட்டது போட்டபடி ஆட்கள் இறங்கி வந்த காலம் அது. டாக்டரம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஓரமாப் போவும்வே!" என்று மாட்டு வண்டிக்காரர்களை அதட்டிக்கொண்டே ஓட்டுவார்.

கார் ஒரு கறுப்புச் சீமைக் கார். சாத்தூர்ப் பக்கம் ஒருத்தரிடம் பழசாக வாங்கியது. வாங்கின மாதம் பூனை மாதிரி வந்தது. அடுத்த மாதம் முனகியது. ஆறாம் மாதம் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. எஞ்சின் பழுதில்லை, உள்ளே கியர்ப் பெட்டிதான் தேய்ந்து போயிருந்தது. இரண்டாவது கியரைப் போட்டால் நிற்கவே நிற்காது, 'டக்'கென்று நழுவி வெளியே வந்துவிடும். அதனால் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கியர்க் கம்பியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். "ஏட்டி, பிடி!" என்பார், பிடிப்பேன். "விடு!" என்பார், விடுவேன். படித்தது நர்ஸ் வேலை, பார்த்தது கியர் பிடிக்கிற வேலை. கம்பவுண்டர் எனக்குக் 'கியர் சிஸ்டர்' என்று பேரே வைத்துவிட்டார். உள்ளங்கை காய்த்துப்போய், என்னைப் பெண் பார்க்க வந்த அம்மா ஒருத்தர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ள காட்டு வேலைக்குப் போகுமோ?" என்று கேட்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு போச்சு. நல்லதுதான்.

ஆனால் அந்த ஊளையால் ஒரு சவுகரியமும் இருந்தது. சுத்துப்பட்டி கிராமங்களில் ஒரு மைலுக்கு முன்னாலேயே அது கேட்கும். வீட்டில் பிரசவ வலி கண்டால் எங்களுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். சத்தம் கேட்டதும் ஒருத்தர் ரோட்டுத் திருப்பத்துக்கு ஓடிவந்து வழிகாட்ட நிற்பார், வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரைக் காயவைப்பார்கள். டாக்டர் வருவாரோ மாட்டாரோ என்று தெரியாமல் விறகை எரிக்க யாருக்கு மனசு வரும்? நாங்கள் போய் இறங்கவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருக்கும். யாரும் கூட்டம் போட்டுப் பேசி ஏற்படுத்தின பழக்கமில்லை, தானாக வந்தது.

விஸ்வநத்தம் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். அங்கே பேச்சியம்மா என்று ஒருத்தி, என் வயசுதான் இருக்கும். பட்டாசு ஆபீசில் வேலை. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். புருஷன் மாடசாமி சொந்தமாக மாட்டு வண்டி வைத்திருந்தார். இரண்டு பிள்ளை பெற்று இரண்டுமே தங்கவில்லை. ஒன்று பிறக்கும்போதே மூச்சில்லை, இன்னொன்று ஒரு மணி நேரம் இருந்தது. இரண்டும் வீட்டில், பக்கத்தில் கை தெரிந்த ஆள் இல்லாமல் பெற்றவை. மூன்றாவதை எட்டு மாதமாகச் சுமந்துகொண்டு எங்களிடம் வந்தாள்.

"இங்கயே வந்து படுத்துக்கோ" என்றார் டாக்டரம்மா.

"மாமியா படுத்த படுக்கையா கெடக்காகம்மா. விட்டுட்டு வர முடியாது. நீங்க வந்துருவீகளா?"

"வலி கண்டதும் ஆள் அனுப்பு. என் காரு சத்தம் கேட்டுச்சுன்னா நான் வந்தாச்சுன்னு வெச்சுக்கோ."

பேச்சியம்மா தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் போனாள்.

அந்த வாரமே கியரில் பல் உடைந்தது. தீப்பெட்டி லோடு ஏற்றிவந்த லாரியின் பின்னால் கயிற்றில் கட்டி, காரை விருதுநகருக்கு இழுத்துக்கொண்டு போனோம். ரயிலடிப் பக்கம் காதர் மேஸ்திரி பட்டறை. அடுத்த கட்டடம் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கி. மூட்டை இறங்கும்போதெல்லாம் பட்டறையே தும்மும். மேஸ்திரி ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் சீட்டைக் கழற்றி, தரைப்பலகையைத் தூக்கி, அந்தக் கனத்த பெட்டியைச் சாக்கின் மேல் இறக்கிவைத்தார். எண்ணெய் வடியட்டும் என்று அடித் திருகைக் கழற்றினால் எண்ணெய் வரவில்லை. கூழ் வந்தது, கறுப்பாக, கட்டி கட்டியாக.

மேஸ்திரி விரலில் தொட்டு மோந்து பார்த்தார். "டாக்டரம்மா, உங்கள நல்லா ஏமாத்தியிருக்காக. இது மரத்தூளு."

தேய்ந்த கியர் கத்தாமல் இருக்க, விற்கிறவர்கள் எண்ணெயோடு மரத்தூளைக் கலந்து ஊற்றுவார்களாம். ஒரு மாதம் வாய்மூடிக் கிடக்குமாம். எங்களுக்கு விற்றவர் தீப்பெட்டி ஆபீஸ் மரத்தூளாகப் பார்த்து அள்ளிப் போட்டிருக்கிறார். பெட்டியின் மூலையில் மருந்து முக்காத தீக்குச்சி ஒன்று ஒடியாமல் ஒதுங்கிக் கிடந்தது! டாக்டரம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார், வத்தல் கிட்டங்கி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். விற்றவர் பேரை இங்கே சொல்ல மாட்டேன். அவருக்கும் பேரன் பேத்தி இருப்பார்கள்.

மேஸ்திரிக்கு ஒன்பது நாள் பிடித்தது. மதுரையில் இதே சாதிக் கார் ஒன்று மரத்தில் மோதிக் கிடந்ததாம். அதிலிருந்து பல்சக்கரங்களையும் பேரிங்கையும் கழற்றிக் கொண்டுவந்து, இழைத்து, அளவு பார்த்துப் பொருத்தினார். நாங்கள் பஸ்ஸில் போய்க் காரை எடுத்தபோது துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் மாத்தியாச்சு. ரிவர்ஸ் மட்டும் கெடைக்கல, பழசேதான் கெடக்கு. அது நேர்ப்பல்லு, புதுசே கத்தும். இது கொஞ்சம் கூடக் கத்தும்."

"கத்திட்டுப் போகட்டும். நான் என்ன பின்னாலயா போகப்போறேன்?" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வந்த அந்தப் பயணத்தை எப்படிச் சொல்ல? கார் முழுக்கப் புதுக் கியர் எண்ணெய் வாசம். அதிலும் லேசாக ஒரு கந்தக நெடி, எங்கள் ஊருக்குத் தோதாக. சத்தமே இல்லை. இரண்டாவது கியர் சொன்னபடி நின்றது. என் கை இரண்டும் வேலையில்லாமல் மடியில் கிடந்தன, அவற்றை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. திருத்தங்கல் வருகிறவரை டாக்டரம்மா ஞானப்பாட்டு முனகிக்கொண்டே வந்தார். அப்பாடா, விட்டது சனியன் என்று நானும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மாடசாமியின் தம்பி சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். "மைனிக்கு வலி வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் அம்மாவுக்குச் சேதி சொல்லத் திருத்தங்கலுக்கு மிதித்தார். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் போனபிறகுதான், "ஏட்டி, திருப்பத்துல ஆளைக் காணோமே?" என்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஒடமர முள்ளுக்காடு, எந்தச் சந்தைப் பார்த்தாலும் ஒரே மாதிரி. எப்போதும் யாராவது நிற்பார்கள் என்பதால் நாங்கள் வழியை மனசில் வாங்கிக்கொண்டதே இல்லை. ஒரு பட்டாசு ஆபீஸ் வாசலில்தான் போய் முட்டினோம். வாட்ச்மேன், "ரெண்டு மைலு தாண்டி வந்துட்டீகளே" என்றார். ஹாரனை அடித்துக்கொண்டே திரும்பினோம். ஆனால் லாரியெல்லாம் நாள் முழுக்க ஹாரன் அடிக்கிற ரோடு அது, எவர் திரும்பிப் பார்ப்பார்?

ஒருவழியாக ஊரைப் பிடித்து, அவள் வீட்டுச் சந்துக்குள் காரை நுழைத்து இறங்கி ஓடினேன். மாமியார் மட்டும் கட்டிலில். அடுப்பு பற்றவே இல்லை. சாம்பல் சில்லென்று கிடந்தது. வாசலுக்கு ஓடிவந்து பேச்சியம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்தார்கள். "காரு சத்தம் வரும் வரும்னு எம்புட்டு நேரம் பாத்தோம் தாயி! வரவே இல்ல. காருதான் விருதுநகர்ல கெடக்குன்னாகளே, இனி வரமாட்டாகன்னு மாடசாமி வண்டியக் கட்டி ஏத்திட்டுப் போயிட்டான்."

"எந்த வழியா?"

"கம்மாக்கரை வழியோ ஓடை வழியோ, பாக்கலையே!"

டாக்டரம்மா காருக்கு ஓடினார். சத்தம் கேட்டால் நான் வந்தாச்சு என்று சொன்னவர் அவர்தானே. முகம் வெளிறிப் போயிருந்தது. அந்தச் சந்தில் காரைத் திருப்ப இடமில்லை, பின்னாலேயேதான் எடுத்தாக வேண்டும். கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு ரிவர்ஸைப் போட்டார்.

ஐயோ, அது கத்தின கத்து! பழைய ஊளை, அதே ஊளை, இரண்டு மடங்காக. கோழியெல்லாம் கூரை மேல் ஏறின. சந்து முனைக்கு நாங்கள் வந்து சேரும் முன்னாலேயே கண்மாய்க்கரைப் பக்கமிருந்து ஒரு குரல்: "டாக்டரம்மா காரு! ஏ, டாக்டரம்மா வந்துட்டாக!" மாடசாமி, வேட்டி அவிழ்ந்தது தெரியாமல், கரையிலிருந்து உருண்டு புரண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

வண்டி கரை மேல் வேப்பமரத்தடியில் நின்றது. பேச்சியம்மா வைக்கோல் மேல் படுத்திருந்தாள். பிள்ளை தலை தெரிந்துவிட்டது. கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. டாக்டரம்மா அதை எடுத்து விட்டுப் பிள்ளையை வெளியே வாங்கினார். நீலம் பாரித்துக் கிடந்தது, சத்தமில்லை. தட்டினார், துடைத்தார், வாயில் வாய் வைத்து ஊதினார். பேச்சியம்மா, "அழுதுச்சாம்மா? அழுதுச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன், கியர்க் கம்பியைப் பிடிக்கிற மாதிரி, விடவே மாட்டேன் என்று.

அழுதது. முதலில் ஒரு விக்கல், அப்புறம் ஒரு வீறல்.

டாக்டரம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். மாடசாமி காரைச் சுற்றிச் சுற்றி வந்து கும்பிட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா, கோவிச்சுக்கிறாதீக. அந்தப் பழைய கியரையே மாட்டிருங்களேன்."

பழசை மாட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து டாக்டரம்மா எந்த ஊருக்குப் போனாலும் ஊர் எல்லையில் காரை நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு ஐம்பது அடி பின்னால் போய், ஊர் கேட்கக் கத்தவிட்டு, அப்புறம்தான் உள்ளே நுழைவார். எல்லையில்தானே மாரியம்மன் கோயில் இருக்கும்? அம்மனுக்கு முதுகு காட்டாமல் பின்னால் போய் மரியாதை செய்கிறார் என்று ஊர் ஊராகப் பேச்சாகிவிட்டது. இருக்கன்குடி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரச்சொல்லி அழைப்பே வந்தது! கடைசியில் எங்கள் சபைப் போதகர் ஆஸ்பத்திரிக்கே வந்து, "உள்ளதுதானாம்மா?" என்று மெதுவாக விசாரித்தார்.

"சாமிக்கு இல்லைய்யா. தண்ணி காயறதுக்கு" என்றார் டாக்டரம்மா.

அந்த ரிவர்ஸ் கியரைக் கடைசிவரை மாற்றவே இல்லை. பேச்சியம்மாவின் மகள் பள்ளிக்கூடம் போகிற வயசில், டாக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இன்றைக்கு எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் கூவிக்கொண்டு போகிறது, நாமும் ஒதுங்கி வழி விடுகிறோம், நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுப்பைப் பற்றவைக்க யாரும் ஓடுவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

டாக்டரம்மா பாளையங்கோட்டைக்குக் கிளம்பின காலையில் சாமானெல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மெயின் ரோடு வரை பின்னாலேயேதான் எடுக்க வேண்டும். எடுத்தார். தெரு முழுக்க அந்த ஊளை. எதிரே டீக்கடையில் ஒருத்தர் பதறிக் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்.

"யாருக்குப்பா பிரசவம்?"

"யாருக்கும் இல்லண்ணே" என்றார் கடைக்காரர். "டாக்டரம்மா ஊருக்குப் போறாக."