இன்னும் ஒரே ஒரு சுத்து

தகர மூடியின் மேல் ஆயில் சொட்டு விழுந்தால் 'டொப்' என்றுதான் கேட்கும், ஆனால் அன்று காலையில் எனக்கு அது கூரையே இடிந்து விழுந்தது மாதிரிக் கேட்டது. வாசலில் எங்கள் பழைய லாரி மரவள்ளிக்கிழங்குப் பாரத்தோடு நின்றுகொண்டிருந்தது, அதன் அடியில் கிடந்த மூடியில் கறுப்பாக ஒரு சொட்டு, நான் மூச்சு விடுவதற்குள் இன்னொரு சொட்டு.

மலைமேல் எங்கள் பெரக்கரை நாட்டில் எங்களைப்போலப் பயந்த வீடு இன்னொன்று இருந்திருக்காது. என்ஜினுக்கு அடியில் பழைய ஆயிலை வடிப்பதற்கென்று ஒரு போல்ட் உண்டு, ஆயில் மாற்றும்போது தவிர அதில் யாருக்கும் வேலை கிடையாது. நாங்களோ மலையிறங்கும் ஒவ்வொரு நாளும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த கையோடு அந்தப் போல்ட்டுக்கும் "ஒரு சுத்து" வைப்பதைப் பூசையாகவே ஆக்கிவிட்டோம். நடுவழியில் கழன்று விழுந்தால் என்ன ஆவது என்று அப்பா ஒரு சுத்து வைப்பார், அவர் மறந்திருப்பாரோ என்று அம்மா ஒரு சுத்து, இரண்டு பேரும் மறந்திருந்தால் என்று நான் ஒரு சுத்து. எட்டாம் வகுப்புப் பரீட்சையில் எழுதிய விடையையே அழித்து அழித்து எழுதித் தாளை ஓட்டை போட்டுவிட்டு, அதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டவள் நான். இரும்பு மட்டும் எத்தனை நாள் தாங்கும்? தலை மழுங்கி, மரை தேய்ந்து, இறுகாமல் சும்மா சுற்ற ஆரம்பித்திருந்தது போல்ட்.

பாரம் பக்கத்துக் காட்டுக்கார வெள்ளையன் மாமாவுடையது. முந்தின நாள் பிடுங்கிய கிழங்கு, சாயங்காலத்துக்குள் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் இருந்த ஜவ்வரிசி மில்லுக்குப் போகாவிட்டால் உள்ளே கறுத்துவிடும், அவருடைய ஒரு வருஷப் பாடும் அதோடு போய்விடும். வேறு லாரி மலையேறி வர மறுநாள் ஆகும். அவரோ குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டைவரே, போல்ட்டுக்கு முந்தி உங்க ஊட்டுல எல்லாத்துக்கும் மரை கழண்டுபோச்சாட்ட இருக்குதுங்க."

"சிரிக்காதீங்க. நடுவழியில கழண்டு உழுந்தா என்ன பண்றது?" என்றார் அப்பா.

"கெழங்கு என்னுது, நானே சும்மா இருக்கறன். உங்களுக்கு என்னங்க?"

ஆயிலை ஒரு குண்டானில் பிடித்துக்கொண்டே போல்ட்டை நெம்பி வெளியே எடுத்தார்கள். அம்மா பருத்தி நூலைத் துணி சோப்பில் தோய்த்து மரை மேல் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தாள். வெள்ளையன் மாமா அதைக் கையாலேயே பதமாகத் திருகி, கடைசியில் ஸ்பேனரால் பாதிச் சுத்து வைத்தார். ஆயிலைத் திரும்ப ஊற்றினோம். சொட்டு நின்றது.

"இன்னும் ஒரே ஒரு சுத்து" என்று அப்பா கையை நீட்டினார்.

"தொட்டீங்கன்னா மிச்ச மரையும் போயிரும். மில்லு வாசல்ல தாரேன்" என்று மாமா ஸ்பேனரை வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

வீட்டில் தனியாக இருந்து பயப்படுவதற்கு வண்டியிலேயே பயப்படலாம் என்று, அப்பாவோடும் மாமாவோடும் அம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம். வளைவுக்கு வளைவு அப்பா வண்டியை நிறுத்துவார், நான் இறங்கிக் குனிந்து பார்த்து "சொட்டலீங்கப்பா" என்பேன், அவர் நம்பாமல் தானும் இறங்குவார். பாதி மலையில், எதிரே வந்த வாழைத்தார் வேனை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, ஒதுங்கிவிட்டு வருவதாக அப்பா இறங்கிப் போனார். வேன் பக்கமிருந்து திரும்பும்போது சட்டைக்குள் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் வெள்ளையன் மாமா தலைக்குத் துண்டை வைத்து, போல்ட்டுக்கு நேர் கீழே நீட்டிப் படுத்திருந்தார்.

"ஏனுங்க, அங்க எதுக்குப் படுத்திருக்கீங்க?"

"நெழலு நல்லாருக்குதுங்க. அந்த ஸ்பேனரக் குடுத்த மவராசன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "கையால மட்டும் லேசாத் தொட்டுப் பாக்கட்டுங்களா?" என்றாள்.

"அம்மிணி, ஏறுங்க வண்டியில!"

வெயில் தாழ்வதற்குள் மில்லுக்குப் போய்விட்டோம். மாமா ஒரு கிழங்கை முறித்து எங்களுக்கு முன்னால் நீட்டினார், உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது. அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. "எங்க, ஸ்பேனரக் குடுங்க" என்றார். மாமா மடியை அவிழ்த்தார். உள்ளே இருந்தது ஒரு கிழங்குத் துண்டு.

"அத மொத வளைவுலயே பள்ளத்துல எறிஞ்சுட்டனுங்க."

"ஏனுங்க?"

அவர் கிழங்குத் துண்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "மடியில இருந்தா நானே எறங்கி ஒரு சுத்து வெச்சிருப்பனுங்க. ஒரு வருசக் கெழங்கு. எனக்கு மட்டும் பயமில்லாமயா இருக்கும்?"

அந்த லாரி பழைய இரும்புக்குப் போய்விட்டது, அப்பாவும் மாமாவும் இல்லை, மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. நான் இப்போது அடிவாரத்தில் குடியிருக்கிறேன். தண்ணிக்குழாயை மூடிய பிறகும் சொட்டுமோ என்று இன்னும் ஒரு திருகு திருகி, போன மாதம்கூட மரையைத் தேய்த்துவிட்டேன், ஸ்பேனரை ஒளித்துவைக்கத்தான் ஆள் இல்லை. மலைமேல் வாசலூர்பட்டிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த வளைவில் கழுத்தை நீட்டிப் பள்ளத்தை எட்டிப் பார்க்கிறேன். எங்கேயோ புதருக்குள் அது துருப்பிடித்துக் கிடக்கும். நல்லவேளை, யாரும் இறங்க முடியாத பள்ளம்.