கமிட்டிக்கு வந்த ஏழாவது ஆள்

எண்பதுகளின் தொடக்கத்தில் குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். தீபாவளி போனஸ் கேட்டு நாங்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்களில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அரிசியும் ராகியும் பணமும் கொடுத்தார்கள். போனஸ் முடிவாகித் தறி ஓடத் தொடங்கியபோது அந்தப் பணத்தில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். பிரித்தால் ஒரு நாள் கறிச்சோற்றுக்கு ஆகும், அவ்வளவுதான். எங்களைப் போல நியாயம் கேட்டுக் கிளம்புகிறவர்களுக்குக் கொடுப்போம், மாதாமாதம் நாமும் அதில் போடுவோம் என்று கூட்டத்தில் முடிவானது. யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் பெண் நான் ஒருத்திதான்.

முதலில் கேட்டு வந்தவர்கள் ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியின் தோல் உரிக்கிற பெண்கள். ஆணுக்கு ஒரு கூலி, அவர்களுக்கு அதில் பாதி. சங்கம் சேர்க்க நினைத்தார்கள். நேரில் பார்த்துவர என்னையும், ஆறு பேரில் ஒருவரான தறி ஓட்டும் ஒரு அண்ணனையும் கமிட்டி அனுப்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினோம். ஊருக்கு வெளியே அவர்கள் தெரு. ஒரு வீட்டு வாசலில் பாய் விரித்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும் ஒரு பெண்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். உள்ளங்கையெல்லாம் கத்திக் கீறல்.

"வக்கீலுக்குக் காசு வேணுமுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"இப்பவே வக்கீல் எதுக்குங்க? சுத்தி இன்னும் நாலு மில்லு இருக்குது. எங்கள்ல ரெண்டு பேரு ஒரு மாசம் வேலைக்குப் போகாம அங்கெல்லாம் போயிப் பேசோணும். அந்த ஒரு மாசக் கூலியக் குடுத்தாப் போதுமுங்க."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அப்போது டீ வந்தது. அண்ணன் வயிறு சரியில்லை என்றார். நான் டம்ளரை வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்தேன். குடியானவர் வீட்டில் பிறந்தவள் நான். அப்படி ஒரு தெருவில் எங்கள் வீட்டார் யாரும் கை நனைத்ததில்லை. ஆறிப்போன டீயை அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போனாள்.

கமிட்டி பணம் கொடுக்க ஒத்துக்கொண்டது. ஆனால் வாங்கிக்கொள்ள வரச் சொன்ன நாளில் அவள் வந்து, "வேண்டாமுங்க" என்றாள்.

"ஏனுங்க, பத்தாதுங்களா?" என்றார் கமிட்டித் தலைவர்.

"பத்துமுங்க. எங்க ஊட்டு டீயக் குடிக்காதவங்ககிட்ட கை நீட்டறதுக்கு, மில்லுக்காரருகிட்டயே கெஞ்சிக்கறோம். குடுக்கறதுன்னா, குடுக்கற எடத்துல எங்காளு ஒருத்தரும் உக்காரோணும். யாருக்குக் குடுக்கலாம், வேண்டாம்னு நாங்களும் சொல்லோணும்."

எனக்கு முகம் எரிந்தது. "டீயக் குடிக்காம வச்சது நான்தானுங்க. எனக்கும் வயிறு நல்லாத்தான் இருந்துச்சு, அண்ணனுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அண்ணன் என்னை முறைத்தார்.

"காசு போடறது நாம, முடிவு சொல்றது அவங்களா?" என்றார் ஒருவர்.

"நம்ம கூலிய மொதலாளி மட்டும் உக்காந்து முடிவு பண்ணக் கூடாதுன்னுதானே தறிய நிறுத்துனோம்?" என்றேன்.

நெடுநேரம் பேசி, கடைசியில் நாலு பேர் சரி என்றோம். அவளே ஏழாவது ஆளாக வந்தாள். அண்ணன் அதன்பிறகு கமிட்டிக்கு வரவில்லை. வழியில் பார்த்தாலும் பேசுவதில்லை. அடுத்த முறை அவர்கள் தெருவுக்குப் போனபோது டீ குடித்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, முதல் முறையே குடித்திருக்க வேண்டும்.

இரண்டு பெண்கள் ஒரு மாதம் ஆலை ஆலையாக நடந்தார்கள். அதில் ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். உடனே ஐந்து ஆலைப் பெண்களும் கத்தியைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். கிழங்கு ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன. உரிக்காத கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். மூன்றாம் நாள் கூலியை ஏற்றினார்கள். ஆணுக்குச் சமமாக இல்லை, முக்கால்வாசிதான். நிறுத்தப்பட்டவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. வேறு வேலை கிடைக்கும் வரை கமிட்டி அவளுக்குக் கூலி கொடுத்தது.

ஏழாவது ஆள் நாலைந்து வருஷம் எங்களோடு இருந்தாள். ஒரு முறை அவளுடைய சொந்தக்காரர்களே, சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுப் போராடுகிறோம், உதவுங்கள் என்று கேட்டு வந்தார்கள். "வந்த கூட்டத்துல ஒரு பொம்பள கூட இல்லீங்களே. சேத்துக்கிட்டு வரச் சொல்லுங்க" என்று முதலில் மறுத்தவள் அவள்தான். ஒரு வருஷம் சொந்தக்காரர்கள் அவளோடு பேசவில்லை. பிறகு மூன்று பெண்களோடு வந்தார்கள். கொடுத்தோம்.