கிரேனுக்குக் கைகாட்டுகிற சவரிநாதன்

ராயபுரத்தில் எங்கள் சந்தில் கையை வீசாமல் பேசத் தெரியாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது சவரிநாதன்தான். குழம்பு போதும் என்பதற்குக்கூட வாயைத் திறக்க மாட்டான். தட்டுக்கு மேலே உள்ளங்கையை நீட்டி ஒரு வெட்டு வெட்டுவான். "நான் இன்னா கிரேனா?" என்று அவன் பெண்சாதி ஃப்ளோரன்ஸ் கேட்பாள்.

அவன் வேலை அப்படி. துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற கேங்கில் அவன் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. மேல்தட்டின் விளிம்பில் நின்று சவரி காட்டுகிற கையைப் பார்த்துத்தான் தூக்குவார், இறக்குவார். அடியில் நிற்கிறவர்களின் உயிர் அந்தக் கையில் இருக்கிறது.

அங்கே ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு என்று சிக்னல்மேன் மட்டும்தான் காட்டலாம். நிறுத்து என்று மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். டீ கொண்டுவருகிற ஆள் காட்டினாலும் கிரேன் நின்றாக வேண்டும்.

சவரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணி என்று ஒரு கூட்டாளி இருந்தான். சரக்குக் கட்டு நழுவுவதைப் புதிதாக வந்த ஒருவன் பார்த்திருக்கிறான். பெரிய ஆட்கள் இத்தனை பேர் நிற்கும்போது நாம் எப்படிக் கை நீட்டுவது என்று பேசாமல் நின்றுவிட்டான். மணிக்கு ஒரு கால் போயிற்று. அதற்குப் பிறகு கேங்கில் யார் சேர்ந்தாலும் சவரி முதலில் பழக்குவது அந்த ஒரு சைகையைத்தான்: இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் விரித்து நிற்பது. "மாமு சர்ச் ஃபாதர் மாதிரி பூசை வைக்க ஆரம்பிச்சிட்டான்" என்று கிரேன் ஓட்டுகிற ஜெகதீசன் மேலேயிருந்து கிண்டல் செய்வான். ஜெகதீசன் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. இருவரும் தோஸ்து.

இனி துறைமுகத்தில் நடந்ததாகச் சொல்வதை நான் நேரில் பார்த்தவள் இல்லை. சவரி, ஜெகதீசன், டேலி கிளார்க் வேலை பார்க்கிற எழில்மொழி ஆகிய மூன்று பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். மூவரும் சொன்னது எங்கே ஒத்துப்போனதோ அதை மட்டும்தான் சொல்கிறேன்.

கப்பலில் ஏறுகிற ஒவ்வொரு பெட்டியையும் சரிபார்ப்பது எழில்மொழியின் வேலை. ஒரு நாள் சரக்கு மேடையில் வரிசையாக மரப்பெட்டிகள் வந்து இறங்கின. இயந்திரச் சாமான் என்று கம்பெனி ஆள் சொல்லியிருந்தான். பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்ததை எழில்மொழி படித்தாள். பீரங்கிக் குண்டு. அது போகிற ஊரையும் படித்தாள். எல்லோரும் செல்போனில் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஊர்தான். அங்கே ஒரு சனத்தையே இல்லாமல் ஆக்குவது என்று கிளம்பியிருக்கிறார்கள். வீட்டை இடிக்கிறார்கள், ஆஸ்பத்திரியை இடிக்கிறார்கள், தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகளையும் விடுவதில்லை. ஊர்ப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த சனம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறது என்று முதலில் கேட்பீர்கள். அந்தக் கேள்வி எனக்கு வேண்டாம்.

அன்று சாயங்காலம் சங்க அறையில் கூடினார்கள். ஏற்றக்கூடாது என்று சவரி சொன்னான். பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒப்பந்த ஆட்கள். கேட் பாஸைப் பிடுங்கிவிட்டால் துறைமுகத்துக்குள் கால் வைக்க முடியாது. சவரி மகள் கரோலின் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள்.

எதிர்த்துப் பேசியவன் ஜெகதீசன்தான்.

"நாம ஏத்தலன்னா வேற எவனாவது ஏத்தப்போறான். குண்டு நிக்காது மாமு, நம்ம பொழப்புதான் நிக்கும்."

"ஏத்தட்டும். அவன்கிட்டயும் போய்ச் சொல்லுவேன்."

"நீ கையை மடக்கிக்கினா இன்னொருத்தன் வந்து காட்டுவான். அவன் காட்டினா நான் தூக்குவேன். அப்பால மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத."

ஒன்றும் முடிவாகாமல் கலைந்தார்கள். சவரி வீட்டுக்கு வந்து பாஸ் போகலாம் என்று ஃப்ளோரன்ஸிடம் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பாஸ் போனா போவுது. அந்தப் பொட்டிய ஏத்திட்டு வந்து என் கையால சோறு கேக்காத" என்றாள்.

மறுநாள் காலையில் கொக்கி இறங்கியது. நான் கை காட்ட மாட்டேன் என்று மேஸ்திரி சுப்புராயனிடம் சவரி சொல்லிவிட்டுக் கப்பலை விட்டுக் கீழே இறங்கினான். கம்பெனி அதிகாரி வந்தார். வேறு கேங்கிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்து சவரி நின்ற இடத்தில் நிறுத்தினார். புது ஆள் தூக்கு என்று காட்டினான். ஜெகதீசன் சொன்னபடியே தூக்கினான். பெட்டி தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது.

சவரி சரக்கு மேடையில் நின்று இரண்டு கைகளையும் விரித்தான்.

கிரேன் நின்றது. அதிகாரி ஓடிவந்து சவரியின் பாஸை வாங்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடச் சொன்னார். புது ஆள் மறுபடியும் தூக்கு என்று காட்டினான். எழில்மொழி கையிலிருந்த அட்டையைத் தரையில் வைத்துவிட்டுத் தன் கைகளை விரித்தாள். அவளை அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆள் விரித்தான். சங்க அறையில் தலையைக் குனிந்தவன் அவன். அப்புறம் சுப்புராயன். புது ஆள் கப்பலின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தான். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து அவனையே பார்த்தபடி கைகளை விரித்து நின்றார்கள். அவனும் பிழைக்க வந்தவன்தான். தன் கையைக் கீழே போட்டுவிட்டான்.

அதிகாரி வாக்கிடாக்கியில் ஜெகதீசனைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார்.

"நிறுத்துன்னு காட்டுறாங்க சார். காட்டிக்கினு இருக்கும்போது தூக்கினா நான்தான் உள்ள போவணும்."

யார் காட்டுவது என்று அவர் கேட்டார்.

"யாரு காட்டலன்னு கேளுங்க சார். அது சீக்கிரமா சொல்லிடலாம்."

சொல்லிவிட்டுப் பெட்டியை அலுங்காமல் தரையில் வைத்தான். மோட்டாரை அணைத்தான். அவ்வளவு உயர ஏணியில் இறங்கி, கேட்டுக்கு வெளியே சவரி நின்ற இடத்துக்கு வந்து பக்கத்தில் நின்றான். நான் கேட்டதற்கு, சட்டப்படிதான் நடந்தேன் ஆயா என்றான். கிரேனை நிறுத்துவதற்குத்தான் சட்டம். இறங்கி வருவதற்கு எந்தச் சட்டம் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கப்பல் மற்ற சரக்கை ஏற்றிக்கொண்டு, பெட்டிகள் இல்லாமல் போனது. சவரியின் பாஸைக் கம்பெனி திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் இடத்துக்கு ஆள் கேட்டார்கள். கேங்கில் ஒருவரும் போகவில்லை. வெளி கேங்கிலும் யாரும் வரவில்லை. அடுத்த கப்பல் வந்து கரையில் சும்மா கிடந்தது. அதற்கு மேல் கம்பெனிக்குத் தாங்கவில்லை, பாஸ் வந்தது.

ஆனால் பெட்டிகள் குப்பையில் போய்விடவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்ததை ஒரு மத்தியானம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெற்கே வேறு துறைமுகத்துக்கு என்று டிரைவரே சொன்னான். எழில்மொழி வந்து சவரியிடமும் ஜெகதீசனிடமும் சொன்னாள். வேறு எவனாவது ஏற்றப்போகிறான் என்று ஜெகதீசன் சொன்னது சவரிக்கு ஞாபகம் வந்திருக்கும்.

ஜெகதீசனுக்கு வேறு ஞாபகம் வந்தது. அந்தத் துறைமுகத்தில் அவன் மனைவியின் அண்ணன் கிரேன் ஓட்டுகிறான். உடனே போன் போட்டான். இங்கே நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். லாரி நாளைக்குக் காலையில் அங்கே வந்துவிடும், உன் கேங்கில் பேசு, நிறுத்த முடியுமா முடியாதா என்று கேட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் பக்கத்தில் நின்ற எழில்மொழிக்கும் கேட்டது.

"லாரி நம்பரச் சொல்லு மாப்பிள்ள."